கை சும்மாதான் கீது

அம்பத்தூர் ஏரி ரொம்பி, கலங்கல் தாண்டி தண்ணி வந்து, எஸ்டேட் ரோட்டுல ஜனங்க லுங்கிய விரிச்சி கெண்ட மீனு புட்ச்சாங்களே, அந்த வருசம். நீ அப்ப பொறந்திருக்க மாட்டே நைனா. பஸ்ஸு நின்னு போச்சி, கம்பெனில சங்கு ஊதல, ஆனா எல்லார் ஊட்டுலயும் மீன் கொயம்பு. எங்க ஊட்டுல மூணு நாளு. கெண்டயில முள்ளு ஜாஸ்தி, என் ஊட்டுக்காரி முள்ள எட்த்து எட்த்து வெப்பா, நான் துன்னுவேன். அத உடு. அந்த மழ உட்டு, பனி எறங்க ஆரம்பிச்ச மாசத்துலதான் நான் சொல்லப்போற சங்கதி நடந்துது. வருசம் இன்னான்னு கேட்டா எனுக்கு சொல்லத் தெரியாது. மீனு தெரியும்.

நான் அப்போ பார்க்குல வாட்சுமேனு. ஒரு காக்கி சட்ட, ஒரு விசிலு, ஒரு மூங்கி கழி. பார்க்குன்ன ஒடனே பெருசா நெனச்சிக்காதே. எட்டு சிமிட்டி பெஞ்சி, தண்ணியே வராத ஒரு நீரூத்து, நடுவுல ரேடியோ ரூமு. சாயங்காலம் அஞ்சரைக்கு உள்ள பூந்து ரேடியோவ போட்டு உட்டேன்னா, கூரை மேல கட்டின கொம்பு ஸ்பீக்கர்ல நூஸு, பாட்டு, நெல்லுக்கு இன்னா மருந்து அடிக்கணும், எல்லாம் வரும். அந்த எஸ்டேட்டுல எவன் நெல்லு போட்டான்? ஆனாலும் கேப்பானுங்க. ஷிப்ட்டு முட்ச்சவன், ரிட்டேரு ஆனவன், வேலயே இல்லாதவன், எல்லாம் வந்து குந்திகினு கேப்பானுங்க. சீட்டாடறவன் நாலு பேரு. தூங்கறவன் ஒருத்தன், அவன் வாயி தொறந்தே கெடக்கும்.

பொம்பளைங்களும் வருவாங்க. சும்மா வர மாட்டாங்க. இத நானா கண்டுபுடிக்கல, அங்க வந்த ஒரு அம்மா சொல்லித்தான் என் கண்ணுக்கே தெரிஞ்சிது. ஒருத்தி புள்ளய ஊஞ்சல் ஆட்ட வருவா. ஒருத்தி பூவ மடியில கொட்டிகினு கட்டிகினே குந்துவா. ஒருத்தி கீர ஆய்வா. எவ வந்தாலும் கையில ஒண்ணு இருக்கும்.

அந்தம்மா கையிலதான் ஒண்ணும் இருக்காது.

பேரு எனுக்கு கடைசி வரிக்கும் தெரியாது. பெயிண்டரம்மான்னுதான் சொல்லுவோம். பாடிப்பக்கம் லாரிக்கு கூண்டு கட்டற ஷெட்டு ஒண்ணு, அதுல எயுதற வேல. நம்பரு எயுதும், பின்னால கதவுல மயிலு, தாமர, சூரியன் எறங்கற சீனு எல்லாம் வரையும். நாப்பது, நாப்பத்தஞ்சி வயசு இருக்கும். பொடவ மேல முயுக்கை ஆம்பள சட்ட போட்டுக்கும். அந்த சட்டயில எல்லா லாரியும் தெறிச்சி இருக்கும். கிட்ட போனா கிருஸ்ணாயிலு வாசன. புருசன் கீறானா, செத்தானா, ஓடிட்டானா, நான் கேட்டதில்ல. சீட்டாடற கோஷ்டியில ஒரு ஃபிட்டரு, தொப்பக்காரன், அவன் ஒருவாட்டி கேட்டான்.

"உன் ஊட்டுக்காரரு இன்னா பண்றாரும்மா?"

"நீ இன்னா பண்றே?"

"நானா? சீட்டாடறேன்."

"அதையே பண்ணு."

அதோட அவன் சீட்டு கலைக்கறதையே மறந்துட்டான்.

மொத நாளு நான் அந்தம்மாவ வெரட்டத்தான் போனேன். அத மறைக்கறதுக்கு இன்னா இருக்குது? அஞ்சரைக்கு வந்துது. வேப்பமரத்தாண்ட ஒரு பெஞ்சி, அதுல குந்திச்சி. செருப்ப கயட்டி உட்டுது. கால நீட்டுச்சி. ரெண்டு கையயும் மடியில, உள்ளங்கை மேல பாக்க வெச்சிகிச்சி, யாரோ இன்னாவோ குடுக்கப்போற மாதிரி. அவ்ளோதான். யாரயும் பாக்கல, எதயும் தேடல. எனுக்கு பேஜாரா பூட்ச்சி. ஒரு பொம்பள தனியா குந்திகினு கீதுன்னா, எவனோ வரப்போறான்னுதானே நம்ம புத்தி போவும்?

"இன்னாம்மா, யாருக்காக குந்திகினு கீறே?"

"யாருக்காவும் இல்ல."

"புள்ள கிள்ள வெளாடுதா?"

"இல்ல."

"அப்ப எயுந்துருமா. பொம்பள தனியா குந்தக் கூடாது. போர்டுல போட்டுக்கீது."

அந்தம்மா என்ன ஏற எறங்க பாத்துது. "எங்க போட்டுக்கீது? வா, காமி."

கேட்டாண்ட ஒரு போர்டு. பச்ச கலரு, வெள்ள எயுத்து. நான் அங்க வேலைக்கு சேந்து மூணு வருசம். எனுக்கு மின்னால இருந்த வாட்சுமேன் சொல்லிட்டு போனான், இதுல இன்னா இன்னா கீதுன்னு. மாடு வரக்கூடாது, பூவு பறிக்கக்கூடாது, எச்சி துப்பக்கூடாது, பொம்பள தனியா குந்தக்கூடாது. அவன் சொன்னத நான் மனப்பாடம் பண்ணி வெச்சிகினு மூணு வருசம் விசிலு ஊதிகினு இருந்தேன். எத்தினி பேர எயுப்பி உட்டிருப்பேன் தெரியுமா? ஒருத்தி வவுத்துப் புள்ளக்காரி, மூச்சு வாங்குதுன்னு குந்தினா. அவளயும் எயுப்பி உட்டேன்.

அந்தம்மா ஒவ்வொரு வரிக்கும் கீய வெரல வெச்சி, சத்தமா படிச்சிது. மாடு ஆடு, பூ, எச்சி, சைக்கிளு, பந்து, குடி, ராத்திரி எட்டு மணி. ஏழு வரி. "பொம்பளைன்னு எங்க கீது? சொல்லு அண்ணாத்தே."

நான் கழிய இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தினேன்.

"இந்த போர்ட எயுதினதே நான்தான். நாலு வருசம் மின்னாடி. நான் எயுதாதத நீ எங்க படிச்சே?"

போயி திரும்ப அதே பெஞ்சில குந்திகிச்சி. சீட்டு கோஷ்டி சிரிச்ச சிரிப்பு எனுக்கு இன்னும் காதுல கீது. நான் ரேடியோ ரூமுக்குள்ள போயி சத்தத்த ஏத்தி வெச்சேன்.

அப்பால தெனம் வரும். அஞ்சரைக்கு வந்தா ஆறரைக்கு போவும். கடியாரம் கெடியாது, ஆனா நூஸு முடியும்போது செருப்ப மாட்டும். ஒரு வாட்டி நானே வாயக் குடுத்தேன். "ஊட்டுக்குப் போயி படுத்துக்கலாமில்ல, இங்க இன்னா கீதும்மா?"

அப்ப சொல்லிச்சி. "காலைலேர்ந்து அஞ்சி மணி வரிக்கும் இந்த கை மொதலாளிது. ஊட்டுக்குப் போனா அடுப்புது. நடுவுல ஒரு மணி நேரம், அது என்துது. உனுக்கு அதுல இன்னா நஷ்டம்?"

இன்னா நஷ்டம்? யோசிச்சி பாத்தேன். ஒண்ணும் நஷ்டம் இல்ல.

அதுங்கிட்ட ஒரு பயக்கம். வரைஞ்சத மாத்தாது. ஷெட்டுல நடந்தத எனுக்கு ஒரு கிளீனர் பையன் சொன்னான். ஒரு லாரிக்காரன் பின் கதவுல புலி வரையச் சொன்னானாம். வரைஞ்சிது. புலி படுத்துகினு கீது. மூஞ்சிய முன்னங்காலு மேல வெச்சிகினு, கண்ணு பாதி மூடி. லாரிக்காரனுக்கு கோவம். "நான் இன்னா பூனையா கேட்டேன்? வாய தொறந்து பல்ல காட்ற மாதிரி மாத்து." அந்தம்மா பிரஷ்ஷ தொடச்சிகினே, "அது துன்னுட்டு கீது. இப்ப இன்னாத்துக்கு வாயத் தொறக்கும்?"ன்னுச்சாம். மொதலாளி கத்தினாரு, கூலி வெட்டுவேன்னாரு. "வெட்டு. புலி எயுந்துக்காது." கடைசில அந்த லாரி தூங்கற புலியோடயே நெல்லூருக்குப் போச்சி. ரெண்டு மாசம் கயிச்சி அந்த லாரிக்காரனே வந்து, இன்னொரு வண்டிக்கும் அதே மாதிரி வோணும்னானாம். அப்ப இது இன்னா சொல்லிச்சி தெரியுமா? "ஒரு புலிதான் துன்னுச்சி. வேற இன்னா வோணும்?"

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

பார்க்குக்கு ஒரு கமிட்டி. அதுக்கு ஒரு செகரட்டரி. பெரிய கம்பெனில ஆபீசரா இருந்து ரிட்டேரு ஆனவரு. மடிப்பு கலையாத பேண்ட்டு, மழையோ வெயிலோ கையில கொட. கெட்டவரு இல்ல. எல்லாம் நேரா இருக்கணும் அவருக்கு. செடிய கூட கயிறு புட்ச்சி நட சொல்லுவாரு. பொங்கலுக்கு யாரோ பெரிய மனுசன வெச்சி நீரூத்து தொறக்கறதா ஏற்பாடு. அதுக்கு மின்னால ரேடியோ ரூம் செவுத்துல ஒரு படம் வரையணும்னு முடிவு பண்ணாங்க. ஷெட்டு மொதலாளிகிட்ட ஆள் கேட்டாங்க. அவரு பெயிண்டரம்மாவ அனுப்ச்சிட்டாரு. கொடக்காரரு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சி, ஆனா மொதலாளி நல்ல கைன்னு சொல்லிட்டாரே.

"சாயங்கால நேரம்மா. ஒரு பார்க்கு. ஜனங்க சந்தோஷமா பொழுது போக்கிட்டு இருக்கணும். பின்னால ஒரு மலை, அன்னம் ரெண்டு, அழகா."

"எந்த பார்க்கு?"

"ஏதோ ஒரு பார்க்கும்மா. பார்க்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."

"எனுக்கு இந்த பார்க்கு ஒண்ணுதான் சார் தெரியும்."

அவரு அத ஒரு பேச்சுன்னு நெனச்சிகிட்டாரு. அது பேச்சே இல்ல.

மொத ரெண்டு நாளு கரியில கோடு. அப்பால எனாமலு. பகல்ல வந்து வரையும், சரியா அஞ்சரைக்கு பிரஷ்ஷ டப்பாவுல போட்டுட்டு போயி பெஞ்சில குந்திக்கும். அந்த ஒரு மணி நேரம் யார் கூப்டாலும் செவுத்தாண்ட வராது. படம் வளர வளர ஜனங்க கூடிட்டாங்க. வேப்பமரம் வந்துது. தண்ணி வராத நீரூத்து, தண்ணி வராமயே வந்துது. மேகத்துல செவப்பு, கொம்பு ஸ்பீக்கரு, அதும் மேல ஒரு காக்கா. சீட்டாடற நாலு பேரும் வந்துட்டானுங்க.

"மாமே, உன் தொப்பைக்கே ஒரு டப்பா பெயிண்ட் ஆயிருக்கும் போல கீதே!"

"போடா, உன் கையில இன்னா சீட்டு கீதுன்னு எல்லாருக்கும் தெரிய வரைஞ்சிட்டா, இனிமே எப்டிடா ஏமாத்துவே?"

தூங்கறவனும் வாயத் தொறந்துகினு வந்துட்டான். அவன எயுப்பி காமிச்சா, "இது யாரு, நல்லா தூங்கறானே"ன்னான். அப்பால ஒரு ஆடு. அது பின்பக்கம் செவுரு இடிஞ்ச எடத்துல தெனம் பூந்து செம்பருத்தி துன்னும். என் மானமே போச்சி. செகரட்டரி கொடயால ஆட்ட தொட்டு காமிச்சாரு.

"இது எதுக்கும்மா? எடுத்துடு."

"ஆடு வருதா இல்லியான்னு வாட்சுமேன கேளு சார். வரலன்னு சொல்லட்டும், எட்த்துடறேன்."

அவரு என்ன பாத்தாரு. எல்லாரும் என்ன பாத்தாங்க. "வருதுங்க"ன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துடுச்சி. ஆடு தப்பிச்சிது.

நடுவுல ஒரு பெஞ்சி. அது காலியாவே கெடந்துது. எல்லாம் முட்ச்சிட்டு கடைசியாத்தான் அதுல ஆள் போட்டுது. நான் அன்னிக்கு செடிக்கு தண்ணி ஊத்திகினு இருந்தேன். ஃபிட்டரு கத்தினான். "யோவ் வாட்சுமேனு! உன் ஊட்டுக்காரிய்யா!"

ஓடிப் போயி பாத்தேன். அவதான். ஊதா பொடவ, செவப்பு கரை. நான் தீவாளிக்கு எட்த்துக் குட்த்தது. பெஞ்சில குந்திகினு கீறா. செருப்பு கீய கெடக்குது. காலு ரெண்டும் நீட்டி. கை ரெண்டும் மடியில, உள்ளங்கை மேல பாக்க. மூஞ்சிய லேசா தூக்கி, காத்து வாங்கற மாதிரி. அப்டி ஒரு மூஞ்சிய நான் ஊட்டுல பாத்ததே இல்ல. எனுக்கு மொதல்ல வந்தது கோவம் இல்ல. யாரு இதுன்னு இருந்துது.

அப்பாலதான் கோவம்.

என் ஊட்டுக்காரி எஸ்டேட்டுல பிளாஸ்டிக் கம்பெனில பேக்கிங் வேல. கொடம், மூடி, எல்லாம் கட்டு போடறது. அஞ்சி மணிக்கு ஷிப்ட்டு முட்ஞ்சி, ஊட்டுக்கு ஓடி சோறு வடிச்சி, ஆறு, ஆறேகாலுக்கு எனுக்கு டிபன் கேரியர் எட்த்துகினு வருவா. கேட்டாண்ட நிப்பா. நான் கேட்டாண்டயே குந்தி துன்னுவேன். காலி கேரியர வாங்கிகினு போயிடுவா. மூணு வருசமா ஒரு நாளு கூட உள்ள கால் வெச்சதில்ல. நான் கூப்டதும் இல்ல. அவளும் கேட்டதில்ல. அந்தம்மா வேப்பமரத்தடியில குந்திகினு இதயெல்லாம் பாத்துகினே இருந்திருக்குது.

"யார கேட்டு என் பொண்டாட்டிய வரைஞ்சே?"

"உன்ன ஏன் கேக்கணும்? உன்னயா வரைஞ்சேன்?"

"இந்த பார்க்கு ஒண்ணுதான் தெரியும்னியே. ஆட்டுக்கு என்ன சாட்சி கூப்ட்டியே. இவ எங்க வந்தா? என்னிக்கு குந்தினா? பொய்யில்ல இது?"

அந்தம்மா பிரஷ்ஷ கீய வெச்சிட்டு கேட்ட காமிச்சிது. "அது வரிக்கும் தெனம் வர்றா. அங்கேர்ந்து இந்த பெஞ்சி இருவது தப்படி. அந்த இருவது தப்படியதான் நான் போட்டேன். நீ உட்டிருந்தா அவளே நடந்திருப்பா."

 பதில் தெரியாதவனுக்கு கோவம் ஜாஸ்தியா வரும்.

செகரட்டரியும் வந்து பாத்தாரு. அவருக்கு வேற கவல. "பெரிய மனுஷங்க வர்றாங்கம்மா. ஒரு லேடி இப்படி காலை நீட்டி சும்மா உட்கார்ந்திருந்தா என்ன நினைப்பாங்க? கையில ஒரு குழந்தை குடு. இல்லன்னா பூ கட்டற மாதிரி போடு. கை வெறுமனே இருந்தா நல்லாவா இருக்கு?"

"கை சும்மாதான் கீது."

"மாத்தும்மா."

"மாட்டேன் சார்."

அவரு என் பக்கம் திரும்பினாரு. "உன் சம்சாரம்தானே? நீ சொல்லுப்பா. இப்படியே இருக்கட்டுமா?"

நைனா, இந்த எடத்த நான் வேற மாதிரி சொல்லலாம். அந்தம்மா செத்துகித்து போயிருக்கும், கேக்கறதுக்கு ஆள் இல்ல. ஆனா நடந்தது இதுதான். நான் சொன்னேன், "டிபன் கேரியர் ஒண்ணு போட்டுடலாங்க."

அந்தம்மா என்ன திட்டல. பாத்துது. அப்பால டப்பாவ மூடி, பிரஷ்ஷ துணியில சுத்தி, ஊட்டுக்குப் போயிடுச்சி. என் ஊட்டுக்காரிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. கம்பெனில எவளோ சொல்லி, "இன்னாய்யா, என்ன செவுத்துல வரைஞ்சி வெச்சிக்கீதாம்?"ன்னு கேட்டா. "ஏதோ கிறுக்கி வெச்சிக்கீது, உடு"ன்னேன். கேட்டாண்டேர்ந்து பாத்தா படம் தெரியாது, ரூமோட அந்தப்பக்கம். உள்ள வந்தாத்தான் தெரியும்.

பத்து நாளு கயிச்சி செகரட்டரி வேற ஒரு பெயிண்டர இட்டாந்தாரு. கேட்டுக்கு, ஜன்னலுக்கு அடிக்கறவன். மத்தியானம் மூணு மணிக்கு அவன் சில்வர் பெயிண்ட்ல நாலு அடுக்கு கேரியர் ஒண்ண அவ மடியில வெச்சிட்டு போயிட்டான். நல்லாத்தான் போட்டான். கைப்பிடி மட்டும் கோணல்.

அஞ்சரைக்கு அந்தம்மா வந்துது. செவுத்த பாத்துது. நேரா போயி பெஞ்சில குந்திகிச்சி. செருப்ப கயட்டி, கால நீட்டி, கைய மடியில வெச்சி, ஒரு மணி நேரமும் முயுசா குந்திச்சி. இன்னா நடக்கப் போவுதோன்னு சீட்டாட்டமே நின்னு போச்சி. ஆறரைக்கு எயுந்து, பையிலேர்ந்து கிருஸ்ணாயிலு பாட்டிலும் ஒரு துணியும் எட்த்துது. எல்லார் எதுரயும் கேரியர தொடச்சிது. புதுசு அப்டியே வயிச்சிகினு வந்துது. கீய இருந்த கை, அது போட்டது, ஒண்ணும் ஆவல.

"எப்டிம்மா?"ன்னான் ஃபிட்டரு.

"என்துது பத்து நாளு காஞ்சி கல்லாயிடுச்சி. இது இன்னும் பச்ச. பனி மாசத்துல எனாமலு ஒரு ராத்திரி, ஒரு பகல் போனாத்தான் புடிக்கும். அதுக்குள்ள தொடச்சா போயிடும்."

இத எவனோ செகரட்டரிகிட்ட ஓதிட்டான். அங்கதான் விசயம் திரும்பிச்சி. அடுத்த நாளு அதே பெயிண்டரு, அதே கேரியரு. இந்தவாட்டி கைப்பிடி கூட நேரா. செகரட்டரி என்ன கூப்ட்டு சொன்னாரு. "நாளை சாயங்காலம் வரைக்கும் அந்தம்மா உள்ள வரக்கூடாது. காய்ஞ்சிட்டா அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும். உள்ள வந்துச்சுன்னு தெரிஞ்சுது, உனக்கு இங்க வேலை இல்ல. அந்தம்மா மட்டும்தான், மத்தவங்கள விடு."

எனுக்கு அந்த வேலய உட்டா வேற இல்ல. கழிய கேட்டுக்கு குறுக்க போட்டுகினு நின்னேன்.

அஞ்சரைக்கு வந்துது. கழிய பாத்துது. "ஆர்டரா?"

"ஆமாம்மா."

"எது வரிக்கும்?"

"நாளைக்கு சாயங்காலம் வரிக்கும்."

"காயற வரிக்கும்னு சொல்லு."

சண்ட போடும்னு நெனச்சேன். போடல. கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், மண்ணுலயே குந்திகிச்சி. செருப்ப கயட்டுச்சி. கால நீட்டுச்சி. கைய மடியில வெச்சிகிச்சி. லாரி போவுது, தூசி பறக்குது. பஸ்ஸுல போறவன் எட்டி எட்டி பாக்கறான். நான் கழிய புட்ச்சிகினு நிக்கறேன். உள்ள ரேடியோவுல நெல்லுக்கு மருந்து சொல்லிகினு கீறான்.

ஆறேகாலுக்கு என் ஊட்டுக்காரி வந்தா. கையில கேரியரு.

"இன்னாக்கா, மண்ணுல குந்திகினு கீறே? உள்ள பெஞ்சி இல்லியா?"

"உன் கையில அத வெச்சி அனுப்பிட்டாங்க தங்கச்சி. செவுத்துலயும். காயறதுக்குள்ள தொடைக்கணும், உன் ஊட்டுக்காரரு என்ன உட மாட்டேங்கறாரு."

"எத வெச்சிட்டாங்க?"

"உன் கையிலயே கீது பாரு."

அவ கேரியர பாத்தா. என்ன பாத்தா. "நான் எப்டி கீறேன்க்கா அதுல?"

"போயி பாத்துக்கோ. நான் சொன்னா இன்னா தெரியும்?"

 அவ கேரியர என் காலாண்ட வெச்சா. சத்தம் வராம வெச்சா, அது எனுக்கு நல்லா நெனப்பு கீது. கைய நீட்டினா, அந்தம்மா துணியும் பாட்டிலும் குட்த்துது. என் கழிக்கு மின்னால வந்து நின்னா.

"இன்னாய்யா, என்ன தடுக்கவும் ஆர்டர் கீதா?"

இல்ல. அந்தம்மா ஒண்ணுதான்னு சொன்னாரு. நான் கழிய தூக்கினேன்.

நடந்தா. நான் எண்ணல, ஆனா இருவது தப்படிதான் இருக்கும். ரூம சுத்திகினு அந்தப்பக்கம் போனா. நானும் பின்னாலயே போனேன், கேட்ட உட்டுட்டு. படத்தாண்ட நின்னு ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தா. மொதல்ல மூஞ்சிய. அப்பால பொடவய. அப்பால கேரியர. 

"இத யாரு போட்டது?"

"பெயிண்டரு."

"போடச் சொன்னது யாரு?"

"நான்தான்"ன்னேன்.

அவ திரும்பிக் கூட பாக்கல. துணிய நனச்சி, தொடச்சா. அந்தம்மா மாதிரி மெதுவா இல்ல, பாத்திரம் தேய்க்கற மாதிரி அயுத்தி அயுத்தி தொடச்சா. சில்வரெல்லாம் அவ மொயங்கை வரிக்கும் வயிஞ்சிது. உள்ளங்கை ரெண்டும் வெளிய வந்துது. துணிய கீய போட்டா. எதுர இருந்த பெஞ்சில போயி குந்திகினா. செருப்ப கயட்டினா. கால நீட்டறதுக்கு கூச்சம், பாதி நீட்டி, அப்பால முயுசா நீட்டினா.

"சோறு கேட்டாண்ட கீது. நீயே போட்டு துன்னு. துன்னுட்டு கேரியர நீயே கய்வி எட்த்துகினு வா."

நான் கேட்டுக்குப் போனேன். கழிய எட்த்து செவுத்துல சாச்சி வெச்சேன். அந்தம்மா மண்ணுல குந்திகினேதான் இருந்துது.

"இன்னா அண்ணாத்தே, ஆர்டர் முட்ஞ்சிடுச்சா?"

"முட்ஞ்சிடுச்சிம்மா. உள்ள போ."

போயி படத்த பாத்துது. "வெரலு சந்துல கொஞ்சம் சில்வரு கீது"ன்னு முந்தானையால ஒத்தி எட்த்துது. அப்பால என் ஊட்டுக்காரி பக்கத்துல குந்திகிச்சி.  நான் தனியா துன்னேன். கொயாய்ல கேரியர கய்வினேன். மீனு வாசன லேசுல போவல.

காலைல செகரட்டரி வந்தாரு. கொட கிடுகிடுன்னு ஆடுது. "அந்தம்மாவ உள்ள விட்டியா?"

"தொடச்சது அவங்க இல்ல சார்."

"பின்ன யாரு?"

"படத்துல கீறவங்களே வந்து தொடச்சிட்டு போயிட்டாங்க."

அவரு கத்தினாரு. வேலைக்கு வராதேன்னாரு. திரும்ப பெயிண்டர கூப்டறேன்னாரு. அப்ப ஃபிட்டரு சீட்ட மடக்கி வெச்சிட்டு எயுந்தான். "கூப்டுங்க சார். வாட்சுமேன் ஊட்டுக்காரம்மா தெனம் ஆறேகாலுக்கு வருது. அது கையில கீறத அது தொடைக்குது. யாரு தடுக்கறது, நீங்களா?" பொங்கலுக்கு மூணு நாளுதான் பாக்கி. அவரு படத்த பாத்தாரு, என்ன பாத்தாரு, கொடய மடக்கிகினு போயிட்டாரு. என் வேலயும் போவல, படமும் மாறல. நீரூத்து தொறக்க வந்த பெரிய மனுசன் படத்தாண்ட நின்னு சிரிச்சாரு. ஆட்ட பாத்து.

அடுத்த மாசத்துலேர்ந்து பிளாஸ்டிக் கம்பெனி பொம்பளைங்க ஷிப்ட்டு முட்ஞ்சி ஏழெட்டு பேரு வர ஆரம்பிச்சாங்க. பை எல்லாம் கீய வெச்சிடுவாங்க. பெஞ்சி பத்தாம புல்லு மேல. என் ஊட்டுக்காரியும் வருவா. கேரியரு காலைலயே என்னோட வந்துடும், ஆறின சோறுதான். ரெண்டு, மூணு வருசம் கயிச்சி அந்தம்மா வர்றது நின்னு போச்சி. ஷெட்ட காட்டுப்பாக்கம் பக்கம் மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. அங்கயும் ஒரு பெஞ்சி புட்ச்சிருக்கும்.

ரேடியோ ரூம இடிச்சிட்டாங்க, படத்தோட சேத்து. இப்ப அங்க கை காலு ஆட்ற இரும்பு மிஷினுங்க. அதுக்கு நான் ஒண்ணும் அயுவல. ஆனா போன வாரம் எதுத்த ஊட்டுப் பொண்ணு, கம்ப்யூட்டர் கம்பெனில வேல, பார்க்குல ஒண்டியா குந்திச்சாம். செக்யூரிட்டி வந்து, தனியா இருக்கக் கூடாது மேடம்னானாம். எயுந்து வந்துடுச்சாம். எனுக்கு முட்டி வலி, அது வரிக்கும் நடக்க முடியல. நீ அந்தாண்டதானே போறே. அவன்ட்ட சொல்லு, உன் வேலய உனுக்கு மின்னால பாத்தவன் சொல்லி அனுப்ச்சான், அவனும் எயுப்பி உட்டு பாத்தான், முடியலன்னு. அந்த பொண்ணாண்டயும் சொல்லிடு. நாளைக்கே போயி குந்தச் சொல்லு. கால நல்லா நீட்டி.